பல் டாக்டரின் தவளையும் உன் அறையும்

வயதிலும் பொறுமையிலும் எனக்கு மூத்தவளான அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் எப்படி என்பது கீழே வரும். உன் முட்டிவலி கொஞ்சம் தணிந்திருக்கும் என்றும், நாலு மாடியையும் நீ நின்று நின்றுதான் ஏறுகிறாய் என்றும், கட்டடத்தை இடிக்கப்போவதாகச் சொல்லி உன்னைக் காலி செய்யச் சொன்ன அந்த உரிமையாளருக்கு நல்ல புத்தி வந்திருக்கும் என்றும் நம்புகிறேன். அவர் எவ்வளவு தள்ளிப்போடுகிறாரோ அவ்வளவு நல்லது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் போனில் “அறை எதுவரைக்கும் வந்திருக்கு?” என்று கேட்டாய். “தரை மட்டத்துக்கு வந்தாச்சு” என்றேன். அது பொய்யில்லை. தரை, தரை மட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதன்மேல் ஒரு செங்கல்கூட இல்லை. அதன் நடுவில் இருக்கிற குட்டையும் அப்படியே இருக்கிறது. அப்படியே என்றால், முன்பு முக்கால்வாசி வற்றிக் கிடந்தது, இப்போது கரை தொட்டு நிற்கிறது. கோபப்படாமல் மேலே படி.

முதலிலிருந்து சொல்கிறேன். நம் வீட்டுக்குப் பின்னால் சுவரோரம் இருக்கிற குட்டை உனக்குத் தெரியும். மழை பெய்தால் நிறையும், வெயில் அடித்தால் வற்றும், இரண்டு காலத்திலும் கொசு மட்டும் தவறாது. அதைத் தூர்த்து, மேலே உனக்கு ஓர் அறை, அதை ஒட்டி ஒரு குளியலறை, ஒரு படிகூட இல்லாமல் நீ உள்ளே நடந்து வருகிற மாதிரி கட்டித் தருகிறேன் என்று நான்தான் சொன்னேன். நீயாகக் கேட்கவில்லை. ஆயுசு முழுக்க நர்ஸாக ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கட்டில் ஓடிய கால், இனிமேல் படியேறக் கூடாது என்று நானே சொன்னேன். கொத்தனார் வந்து நாலு மூலையிலும் முளை அடித்துக் கயிறு கட்டிவிட்டுப் போனார். மண் வண்டி வரவேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் குறுக்கே வந்தார்.

பல் டாக்டரை நீ மறந்திருக்க மாட்டாய். ஓய்வுபெற்றவர். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர். நல்ல மனுஷன் என்று எல்லாரும் சொல்கிறார்கள், எனக்கு அவரிடம் உள்ள குறையும் அது ஒன்றுதான். அவர் வீட்டுப் பின்புறமும் ஒரு குட்டை உண்டு. நம்முடையதைவிடப் பெரிதொன்றும் இல்லை. ஓரத்தில் கல் அடுக்கி, நாலைந்து தங்கமீனை விட்டு, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார், அவ்வளவுதான். ஒருநாள் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒரு பெண் தோளில் பையும் கையில் ரப்பர் உறையுமாக வந்து, தெருவில் யார் யார் வீட்டில் குட்டை, தொட்டி இருக்கிறதோ அங்கெல்லாம் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தாள். இந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு தவளை இருந்ததாம். பல வருஷமாக யார் கண்ணிலும் படவில்லையாம். எங்கேயாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடுகிறார்களாம்.

“தவளையைத் தேடுறவங்க தவளையைத்தானேம்மா பிடிக்கணும்? தண்ணியைப் பிடிச்சா எப்படி?” என்று கேட்டேன்.

“தவளையே வேண்டாம் சார், அது இறங்கின தண்ணி போதும். அதோட தோலு, எச்சம், உடம்பு வழவழப்பு எல்லாம் தண்ணியில உதிர்ந்துக்கிட்டே இருக்கும். அதுல அதோட டி.என்.ஏ. இருக்கும். வடிகட்டி எடுத்து, கோடிக்கணக்குல பெருக்கி, எந்தப் பிராணியோடதுன்னு பார்த்துடுவோம். கொலை நடந்த இடத்துல கிடந்த ஒரு முடியை வெச்சு ஆளைப் பிடிக்கிறாங்களே, கிட்டத்தட்ட அதே வேலைதான்” என்றாள்.

அக்கா, நான் குடிநீர்த் துறையில் மீட்டர் பார்த்தே தலை நரைத்தவன். தண்ணீர் எவ்வளவு போயிற்று என்று கேட்டால் சொல்வேன். அதில் யார் இறங்கி எழுந்தார்கள் என்றுகூடத் தண்ணீர் சொல்லும் என்று என் துறையில் ஒரு அதிகாரியும் எனக்குச் சொன்னதில்லை. நம் குட்டையில் அன்றைக்கு இருந்தது பாசியும் சேறும்தான். அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, “பரவாயில்லை சார், விடுங்க” என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த வீடு பல் டாக்டருடையது.

அப்புறம் என்ன, அவர் குட்டைத் தண்ணீரில் அந்தத் தவளையின் டி.என்.ஏ. இருந்துவிட்டது. நகராட்சித் தலைவர் வந்து கைகுலுக்கினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். அவர் வாசலில் ‘அபூர்வத் தவளை வாழும் இடம்’ என்று ஒரு பலகை வைத்தார்கள். பத்திரிகையில் படம் வந்தது. ஆயுசு முழுக்க அடுத்தவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், அன்றைக்குத் தன் வாயை முழுசாகத் திறந்து காட்டிக்கொண்டு நின்றார். வேடிக்கை என்ன தெரியுமா, அந்தத் தவளையை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்த்ததே இல்லை! அவருக்கே தெரியாமல் அவர் வீட்டில் ஒரு ஜந்து குடியிருந்ததற்கு ஊர் கூடி அவரைப் பாராட்டுகிறது. நான் ஓய்வுபெற்ற அன்று அலுவலகத்தில் ஒரு டீ கொடுத்தார்கள், அதிலும் சர்க்கரை இல்லை.

நம் வீட்டில் என்ன நடந்தது என்றால், இவள் அந்தப் படத்தைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். “நம்ம பக்கத்து வீடுங்க. நமக்கும் பெருமைதானே?” என்றாள். “நான் ரிட்டையர் ஆனப்போ எடுத்த படம் எங்கே?” என்றேன். “அது பீரோவுக்குள்ள பத்திரமா இருக்கு” என்றாள். பத்திரமாம். தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் பல் டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். தெருவிலும் தலைகாட்ட முடியவில்லை. பார்சல் கொண்டுவருகிற ஆள் போனில் வழி கேட்டால் நான் வாயைத் திறக்கும் முன்னால், “தவளை வீட்டுக்குப் பக்கத்து வீடுதானே சார்?” என்கிறான். இத்தனை வருஷம் இந்தத் தெருவில் ‘மீட்டர்காரர் வீடு’ என்றால் போதும். இப்போது நம் வீட்டுக்குப் பெயரே போய்விட்டது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது அக்கா, எனக்கு வயிறு எரிந்தது. சாப்பாட்டில் உட்கார்ந்தால் எரிந்தது, படுத்தால் எரிந்தது. “பொறாமையா?” என்று இவள் கேட்டாள். பொறாமை இல்லை, நியாயம் கேட்கிறேன் என்றேன். ஒரே மழை, ஒரே மண், நடுவில் ஒரு செங்கல் அகலத்துக்குச் சுவர். அந்தத் தவளை சுவருக்கு அந்தப் பக்கம் இருக்குமாம், இந்தப் பக்கம் இருக்காதாமா? இது என்ன நியாயம்?

மண் வண்டிக்காரரை ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். ஒரே ஒரு வாரம்தான், அதில் உனக்கு என்ன நஷ்டம் வந்துவிடப்போகிறது என்றுதான் நினைத்தேன். ஆராய்ச்சிக்கூடத்துப் பெண்ணுக்குப் போன் செய்து, “எங்க குட்டையையும் பாரும்மா, நாங்க மட்டும் என்ன பாவம் செஞ்சோம்?” என்றேன். “பாக்கறேன் சார், ஆனா தண்ணி இருக்கணுமே” என்றாள். தண்ணீருக்கு எங்கே போவது? குழாயைத் திறந்துவிட்டால் நிறைந்துவிடும். ஆனால் என் மீட்டர் ஓடுமே! ஊரார் மீட்டர் ஓடுவதை எழுதி எழுதியே காலம் தள்ளியவன் நான். என் மீட்டர் வீணாக ஓடுவதைக் கண்ணால் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. குட்டைக்கரையில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு மேலே பல் டாக்டரின் தலை தெரிந்தது.

“என்ன சார், குட்டையை ரொப்பணுமா? இந்தாங்க ஹோஸ். தாராளமா விட்டுக்கோங்க” என்று தோட்டத்துக்கு ஊற்றுகிற ஹோஸைச் சுவர் தாண்டிப் போட்டார்.

கொடுக்கிற தெய்வம் சுவரைப் பிரித்துக்கொண்டு கொடுத்தது என்று எடுத்துக்கொண்டேன். தண்ணீர் கொட்டியது. காலையில் ஆரம்பித்தது மாலைவரை கொட்டியது. அக்கா, அந்த ஒரு நாள் முழுக்க என் வயிறு எரியவே இல்லை. எனக்குக் குட்டையும் நிறைகிறது, அவருக்கு மீட்டரும் ஓடுகிறது, இதைவிட என்ன வேண்டும்? எவ்வளவு ஓடியிருக்கிறது என்று தெரிந்தால் நன்றாகச் சாப்பிடலாமே என்று தோன்றியது. அவர் மீட்டர் வாசல் சுவரோரம் இருக்கிறது. தற்செயலாக அந்தப் பக்கம் போனேன். தற்செயலாகக் குனிந்தேன். முள் அசையவே இல்லை! ஒரு குட்டை நிறையத் தண்ணீர் போயிருக்கிறது, மீட்டர் காலையில் நான் தற்செயலாகப் பார்த்த அதே எண்ணில் நிற்கிறது. எனக்குப் பார்வை இருண்டது. தவளையும் அவருக்கு, தண்ணீரும் அவருக்கு இலவசமா? நேரே உள்ளே போய் என் பழைய அலுவலகத்துக்குப் போன் போட்டு, இன்ன வீட்டு மீட்டர் ஓடவில்லை, ஆள் அனுப்பிப் பாருங்கள் என்று புகார் கொடுத்துவிட்டேன். இவளுக்குத் தெரியாது. அவர் ஹோஸ் இன்னும் நம் குட்டையில்தான் கிடந்தது. கடமை என்று வந்துவிட்டால் நான் ஹோஸைப் பார்க்க மாட்டேன்.

சொன்ன நாளில் அந்தப் பெண் வந்தாள். புது உறை மாட்டினாள், புது பாட்டிலைத் திறந்தாள், கரையில் நின்றே தண்ணீரைப் பிடித்தாள். “வேற ஏதாவது குட்டை, குளத்துத் தண்ணி இதுல கலந்திருக்கா சார்?” என்று கேட்டாள். “இல்லம்மா, சுத்தமான குழாய்த் தண்ணி” என்றேன். மனசாட்சிப்படி சொன்னேன்.

முடிவு சொல்ல அந்தப் பெண் நம் வீட்டுக்கே வந்தாள். இவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் மடிக்கணினியைத் திறந்து, “உங்க தண்ணியில நிறைய பேர் இருக்காங்க சார்” என்று ஆரம்பித்தாள். “பூனை இருக்கு. கொக்கு இருக்கு. மனுஷங்க இருக்காங்க, அது எல்லா இடத்துலயும் வரும். கோழி இருக்கு…”

“கோழியா?” என்றாள் இவள். “இந்தத் தெருவுலயே கோழி கிடையாதேம்மா.”

“வளர்க்கணும்னு இல்லைங்க. சாப்பிட்ட கையைக் கழுவினாக்கூட வரும்” என்றாள் அந்தப் பெண், ரொம்பச் சாதாரணமாக.

ஆஸ்பத்திரி டாக்டர் எனக்குப் பொரித்த கோழியைத் தொடக் கூடாது என்று சொல்லி வருஷமாகிறது. நான் சாயங்கால நடைக்குப் போய்விட்டுப் பின்பக்கமாக வருவதும், குட்டைக்கரையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிப்பதும், அங்கேயே கையை அலம்பிக்கொண்டு நல்ல பிள்ளையாக உள்ளே வருவதும் அந்தக் கொசுக்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். இவள் மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கொலைகாரனைப் பிடிக்கிற வித்தை என்று அந்தப் பெண் அன்றைக்கே எச்சரித்தாள். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“தங்கமீன் வளர்க்கறீங்களா சார்?” என்று அடுத்துக் கேட்டாள். “தங்கமீனா? ஆமா, முன்னாடி ஒரு காலத்துல” என்று சொல்லிவைத்தேன். ஏதாவது இல்லை என்று சொல்லப்போய், இருப்பதும் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம். “எப்போ?” என்றாள் இவள். “உனக்குத் தெரியாம” என்றேன். கோழி ஏற்கெனவே மாட்டிக்கொண்ட பிறகு மீன் என்ன பெரிய விஷயம். கடைசியாகத்தான் அந்தப் பெண் புன்னகையோடு சொன்னாள்: “அந்தத் தவளையோட டி.என்.ஏ.வும் இருக்கு சார்.”

அக்கா, கல்யாணத்தன்றுகூட நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. இதை இவள் படிக்கப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன். நேரே சுவரோரம் போய், “டாக்டர் சார்! டாக்டர் சார்!” என்று கத்தினேன். விஷயத்தைச் சொல்லிவிட்டு அவர் முகம் எப்போது வாடும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த மனுஷன் வாட வேண்டாமா? துள்ளிக் குதித்தார். “அப்படின்னா அது பிழைச்சுக்கும் சார்! ஒரே இடத்துல இருந்தா ஆபத்து, ரெண்டு இடத்துல இருக்குன்னா பெருகிடும்!” என்று சுவருக்கு மேலேயே என்னைக் கட்டிக்கொண்டார். ரெண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு பலகை வைக்கலாம் என்றார். அதெல்லாம் வேண்டாம், எனக்குத் தனிப் பலகை வேண்டும் என்று சொல்லி, அவருடையதைவிட ஒரு சாண் அகலமாகவே செய்து வாசலில் நட்டேன். எனக்கும் பத்திரிகையில் படம் வந்தது. உள்பக்கத்தில்தான் வந்தது, இருந்தாலும் வந்தது. இவள் கத்தரித்தாள், ஒட்டினாள். அவர் படத்துக்குக் கீழே ஒட்டினாள்.

அப்போதுதான் அந்தப் பெண் அடுத்ததைச் சொன்னாள். இந்தத் தவளை இருக்கிற நீர்நிலையைத் தூர்க்கக் கூடாதாம். பக்கத்தில் அஸ்திவாரம்கூடத் தோண்டக் கூடாதாம். இரண்டு மழைக்காலம் தொடர்ந்து தண்ணீரை எடுத்துப் பார்ப்பார்களாம். அதற்கப்புறம்தான் எதுவும். உன் நினைவு எனக்கு வராமல் இல்லை அக்கா, வந்தது. உன் முட்டியும் நினைவுக்கு வந்தது. “என்ன சார், சம்மதமா?” என்று அவள் கேட்டபோது சுவருக்கு மேலே பல் டாக்டரின் தலை தெரிந்தது. “சம்மதம்” என்றேன். மறுநாள் கொத்தனார் வந்து பலகையைப் படித்தார், குட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கயிறு என்னோடது சார்” என்று முளையிலிருந்து அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

இதோடு முடிந்திருந்தால் தவளையே உன் அறைக்குக் குறுக்கே வந்துவிட்டது என்று உனக்கு நிம்மதியாக எழுதியிருப்பேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை பேசாமல்தான் இருந்தது. வாயைத் திறந்தவன் நான். நான் கொடுத்த புகாரின்பேரில், என் இடத்துக்கு வந்த மீட்டர்காரத் தம்பி நேற்றுப் பை நிறையக் கருவியோடு வந்தான். பல் டாக்டர் வீட்டில் இல்லை. மீட்டரைக் கழற்றினான், மாட்டினான், குழாயைத் திறந்தான், மூடினான். அப்புறம் என்னைத் தேடிப் பின்பக்கம் வந்தான்.

“மீட்டர் நல்லாத்தான் ஓடுது சார். நீங்க எதை வெச்சு ஓடலைன்னீங்க?”

“ஒரு நாள் முழுக்க இந்த ஹோஸ்ல தண்ணி விட்டுருக்காரு தம்பி. முள்ளு அசையல. என் கண்ணால பார்த்தேன்.”

அவன் ஹோஸைப் பிடித்துக்கொண்டே சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். அப்புறம் சிரித்தான். “சார், இது குழாயிலேருந்து வரல. அவங்க குட்டையிலேருந்து ஒரு பம்ப் போட்டிருக்காங்க. செடிக்கு ஊத்தறதுக்கு. குட்டைத் தண்ணிக்கு எதுக்கு சார் மீட்டர் ஓடும்? உங்களுக்குத் தெரியாததா?”

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவனுக்கு அது வெறும் பம்ப். நான்தான் நின்று கணக்குப் போட்டேன். அப்படியானால் நம் குட்டையில் இருப்பது பல் டாக்டரின் குட்டைத் தண்ணீர். தங்கமீன் பல் டாக்டரின் தங்கமீன். தவளையும் பல் டாக்டரின் தவளை, அதுவும் முழுத் தவளை இல்லை, அது குளித்துவிட்டுப் போன தண்ணீர். நான் வாசலில் ஒரு சாண் அகலமாகப் பலகை நட்டிருப்பது அவர் வீட்டுத் தவளையின் அழுக்குக்கு. நமக்கென்று அந்தக் குட்டையில் சொந்தமாக இருப்பது கோழி மட்டும்தான்.

இது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொன்னால் குட்டையைத் தூர்க்கலாம், உன் அறையைக் கட்டலாம், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பலகையைப் பிடுங்க வேண்டும். பத்திரிகையில் இன்னொரு தடவை வரும். பல் டாக்டர் சிரித்தால்கூட நான் தாங்கிக்கொள்வேன். அவர் சிரிக்க மாட்டார் அக்கா, ஆறுதல் சொல்வார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது. நான் மறுபடியும் ‘தவளை வீட்டுக்குப் பக்கத்து வீடு’ ஆகிவிடுவேன். ஆகையால் நன்றாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நீ இரண்டே இரண்டு மழைக்காலம் நம் பெரியம்மா மகள் வீட்டில் இருந்துகொள். அவள் இருப்பது மூன்றாவது மாடிதான், உன் இப்போதைய வீட்டைவிட ஒரு மாடி குறைவு. அவளிடம் பூனைகள் உண்டு என்பதும், பூனை முடி பட்டால் உனக்குத் தும்மல் நிற்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பூனைகள் பெரும்பாலும் தூங்கும் என்று கேள்விப்படுகிறேன். நீ ஆஸ்பத்திரியில் எத்தனையோ கஷ்டத்தைப் பார்த்தவள். தும்மல் உனக்கு ஒரு பொருட்டா? ஒரு அபூர்வ உயிர் பிழைப்பதற்கு நீயும் ஒரு கை கொடுத்ததாக இருக்கும். இதைப் பற்றிப் போனில் எதுவும் பேச வேண்டாம், இவள் காதில் விழும்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. வேளைக்கு மாத்திரை சாப்பிடு, முட்டிக்கு ஒத்தடம் கொடு, யாருடைய மூட்டையையும் மாடிக்குத் தூக்கிக் கொடுக்காதே. பெரியம்மா மகளுக்கு என் விசாரிப்பைச் சொல், பூனைகளுக்கும் சொல். உன் வாழ்த்து எனக்கு என்றைக்கும் வேண்டும், இந்த மாதம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

உன் கால் தொட்டு வணங்கும்,
தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் இவள் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். கோழியில் கொஞ்சம் நின்றாள், கல்யாணத்தைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் நின்றாள், கடைசிவரைக்கும் போய்விட்டு, “இதை எதுக்கு அண்ணிக்கு அனுப்புறீங்க? அவங்கதான் இடம் பார்த்து முடிச்சுட்டாங்களே” என்றாள். “எங்கே?” என்றேன். சுவர்ப்பக்கம் கையைக் காட்டினாள்.

பல் டாக்டரின் பழைய கிளினிக் அறையாம். தெருவை ஒட்டிய அறை, நடக்க முடியாத நோயாளிகள் வருவதற்காகப் படியே வைக்காமல் கட்டினதாம். “நீங்க பலகைக்கு அளவு எடுத்துக்கிட்டிருந்தப்போ அவர்தான் வந்து கேட்டாரு. ‘அக்காவுக்கு இது சரிப்படுமா பாருங்களேன், சும்மாதானே கிடக்குது’ன்னாரு. நான் அண்ணிகிட்ட போன்ல சொன்னேன். அவங்க சரின்னுட்டாங்க. ‘தம்பி மனசு கஷ்டப்படும், நான் வந்தப்புறம் சொல்லிக்கலாம்’னாங்க” என்றாள். இரண்டு நாளாக அடிக்கிற பெயிண்ட் வாசனை உனக்காகவாம். நான் அது அவர் பலகைக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா, இதுவரைக்கும் எரிந்ததெல்லாம் ஒரு எரிச்சலா? உன் செருப்பு அவர் வாசலில் கிடப்பதை நினைத்துப் பார்த்தேன். காலையில் நீ அவர் நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பாய், நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து எட்டி “அக்கா” என்று கூப்பிட வேண்டும். எனக்கு உட்கார முடியவில்லை. அந்த ஆராய்ச்சிக்கூடத்துப் பெண்ணுக்கு உடனே போன் செய்து ஹோஸ், பம்ப், மீட்டர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “தங்கமீன் வந்தப்பவே எங்களுக்குச் சந்தேகம் சார். இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கறதாத்தான் இருந்தோம்” என்றாள். பம்ப்பில் வலை போட்டிருப்பதால் தவளை வந்திருக்காதாம், சில வாரத்தில் அந்த டி.என்.ஏ. தானாகச் சிதைந்துபோகுமாம், மறுபடி பார்த்து ஒன்றும் இல்லை என்றால் தூர்த்துக்கொள்ளலாமாம். பலகையை நானே பிடுங்கினேன். பல் டாக்டர் ஓடிவந்து, நான் பயந்த மாதிரியே ஆறுதல் சொன்னார். நின்று முழுசாகக் கேட்டுக்கொண்டேன். பிறகு, “அக்கா எங்க வீட்டுலதான் இருப்பாங்க டாக்டர் சார்” என்றேன். “சந்தோஷம் சார்” என்றார். அவரால் ஒரு தடவையாவது வருத்தப்பட முடியாதா?

கொத்தனார் கயிற்றோடு திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அதுவரைக்கும் எங்கள் படுக்கையறை உனக்கு. எங்கள் இருவர் படுக்கையையும் கூடத்துக்கு மாற்றியாயிற்று, உன் கட்டிலை ஜன்னலோரம் போட்டாயிற்று, வாசலில் இருக்கிற ஒற்றைப் படிக்கு மேலே சரிவாக ஒரு பலகை போட்டு நானே ஏறி இறங்கிப் பார்த்துவிட்டேன். மேலே எழுதியதில் சௌக்கியம் விசாரித்ததைத் தவிர மற்ற எதுவும் செல்லாது. தவளையை அவரே வைத்துக்கொள்ளட்டும், பத்திரிகையையும் அவரே வைத்துக்கொள்ளட்டும். எனக்கு இருப்பது ஒரே ஒரு அக்கா. வண்டி வந்து நின்றதும் அந்தப் பக்கம் திரும்பாமல் நேரே நம் வாசலுக்கு வா.